பொன்னாடையும் புதன்கிழமையும்

அண்மையில் ஓவியக் கண்காட்சி ஒன்றின் திறப்பு விழாவிற்குச் சென்றிருந்தேன். ஓவியர் நம்மவர், இளைஞர், பள்ளியொன்றில் ஆசிரியராகப் பணிபுரிபவர். ஏழாண்டுக் காலம் இரவில் கண்விழித்துத் தீட்டிய இருபத்திரண்டு ஓவியங்களை மண்டபத்தின் மூன்று சுவர்களிலும் மாட்டி வைத்திருந்தார். விழா காலை பத்து மணிக்கு என்றது அழைப்பிதழ். சிறப்பு விருந்தினரின் வருகைக்காகக் காத்திருந்து பதினொன்றே காலுக்குத் தொடங்கினார்கள். தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, ஆறு வாழ்த்துரைகள், பதினான்கு பொன்னாடைகள் என விழா நீண்டது. இறுதியில் சிறப்பு விருந்தினர் நாடாவை வெட்டி, ஓவியங்களின் முன்னே நடந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டேன். நான்கு நிமிடம்! இருபத்திரண்டு ஓவியங்களுக்கு நான்கு நிமிடம்! அதன்பின் எல்லாரும் உணவு மேசையை நாடிச் சென்றனர்.

கூட்டம் கலைந்த பின்னர் ஓவியரை அணுகி, "தம்பி, உங்கள் ஓவியங்களைப் பற்றி இன்று யார் என்ன கூறினார்கள்?" என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்தார். "நன்றாக இருக்கிறது என்றார்கள், ஐயா."

"வேறு?"

"தொடர்ந்து வரையுங்கள் என்றார்கள்."

"வேறு?"

அவர் சிரித்தார். அச்சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை. "ஐயா, அந்த மூன்றாம் ஓவியத்தில் வானம் சரியாக அமையவில்லை. ஈராண்டாக அது எனக்குத் தெரியும். ஆனால், எங்கே தவறு என்பதுதான் தெரியவில்லை. வருகின்றவர்களில் யாரேனும் ஒருவர் சொல்லுவார் என்று காத்திருந்தேன்" என்றார்.

அந்தச் சொற்களே இக்கட்டுரையை எழுதத் தூண்டின.

கலையை வளர்க்கின்றோம் என்று நாம் மார்தட்டிக் கொள்கின்றோம். உண்மையில் நாம் செய்வது என்ன? கலைஞனைப் போர்த்துகின்றோம், அவன் கலையைப் பார்ப்பதில்லை. போர்த்துதல் எளிது, அதற்கு ஒரு துணி போதும். பார்த்தல் அரிது, அதற்குக் கண் வேண்டும், காலம் வேண்டும், கண்டதைக் கூறும் துணிவு வேண்டும். நம் சங்கங்கள் எளியதை மேற்கொண்டு அரியதைக் கைவிட்டன. இஃது என் குற்றச்சாட்டு. குற்றம் சாட்டுகின்ற நானும் குற்றவாளிகளுள் ஒருவன் என்பதனைப் பின்னர்க் கூறுவேன்.

ஓவியர்க்கு வேண்டுவது விழா அன்று; குழு. ஐவரோ அறுவரோ கூடிய சிறு குழு. ஒருவர் வரையும் இடத்திற்கு மற்றவர் செல்ல வேண்டும். முற்றுப்பெறாத ஓவியத்தை முகஞ்சுளிக்காமல் பார்க்க வேண்டும். நிறையையும் குறையையும் நேர்படப் பேச வேண்டும். எங்கே கண்காட்சி நடைபெறுகின்றது, எங்கே படைப்புகளை வரவேற்கின்றார்கள், எங்கே நல்ல தாள் மலிவாகக் கிடைக்கின்றது என்னும் செய்திகளை ஒருவர்க்கொருவர் பகிர்ந்துகொள்ள வேண்டும். தலைவர் வேண்டா, செயலாளர் வேண்டா, முத்திரையும் பதாகையும் வேண்டா. இது நடக்கக் கூடியதா என்று ஐயுறுவோர் இந்நாட்டின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பாராக.

1951ஆம் ஆண்டில் பீட்டர் ஹாரிஸ் என்னும் ஆங்கிலேயர் மலாயாக் கல்வித் துறையில் ஓவியக் கல்விக்குப் பொறுப்பேற்று வந்தார். மறு ஆண்டு கோலாலம்பூரில் அவர் தொடங்கியதுதான் 'புதன்கிழமை ஓவியக் குழு'. பெயரைப் பாருங்கள்! கலைமாமணி மன்றம் அன்று. அனைத்துலகப் பேரவை அன்று. புதன்கிழமை கூடியதால் புதன்கிழமைக் குழு. அவ்வளவே. கூடியவர்களுள் பலர் ஆசிரியர்கள், சிலர் மாணவர்கள். மலாய்க்காரரும் சீனரும் பிறரும் வேறுபாடின்றி ஒன்றாய் அமர்ந்தனர். ஹாரிஸ் தம்முடைய பாணியை எவர்மீதும் திணிக்கவில்லை. பார்த்து எழுதும் படியோவியத்தை ஊக்குவிக்காமல், அவரவர் உள்ளத்தில் உள்ளதை அவரவர் வழியிலே வெளிப்படுத்தத் தூண்டினார். அதனால் அக்குழுவினரின் ஓவியங்களில் ஒருவர் சாயல் மற்றவரிடம் இல்லை. இன்று தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் உள்ள 'நிலம், நீர், காற்றின் ஆவி' என்னும் புகழ்பெற்ற ஓவியத்தை 1958இல் தீட்டிய பேட்ரிக் இங் கா ஓன் அக்குழுவினர். அவர் பள்ளியாசிரியர் என்பது நாம் நினைவிற்கொள்ள வேண்டியது. அவரிடம் பள்ளியிலே பயின்று, மாணவப் பருவத்திலேயே குழுவில் அமர்ந்தவர் சுல்கிப்ளி பூயோங். சிறுவர்கள் காகிதக் கப்பல் விடுவதையும், கொசுவலைக்குள் விளையாடுவதையும் வண்ணக்கோல் கொண்டு அவர் தீட்டிய ஓவியங்கள் இந்நாட்டுக் கலை வரலாற்றில் நிலைத்துவிட்டன. ஆசிரியரும் மாணவரும் ஒரே குழுவில்! நம் பள்ளிகளில் இதனைக் கற்பனை செய்துதான் பார்க்க முடியுமா?

அக்குழுவில் இருந்தவர்களுள் கிரேஸ் செல்வநாயகம் ஒருவர். மலாய் மக்களின் சொங்கேட் நெசவினை ஆராய்ந்து 1990இல் அவர் எழுதிய நூல் அத்துறையில் குறிப்பிடத்தக்கது. செல்வநாயகம் என்னும் பெயர் நம் காதுக்குப் பழகிய பெயர். ஆனால், நம் ஆசிரியர்களுள் எத்தனை பேர் அவரை அறிவோம்? இந்நாட்டின் நவீன ஓவியர்களைப் பற்றி 1983இல் வெளிவந்த முதன்மையான நூலை ரெட்சா பியடாசாவுடன் இணைந்து எழுதியவர் டி. கே. சபாபதி. அந்தச் சபாபதியை எத்தனை பேர் படித்தோம்? நிர்மலா தத் சண்முகலிங்கம் 1970களிலேயே குப்பையையும் நிழற்படங்களையும் கலைக்கூடத்திற்குள் கொண்டுவந்து வைத்து, 'உங்கள் சுற்றுப்புறத்தை என்ன செய்துவிட்டீர்கள்?' என்று நகரத்தாரை வினவினார். 2016இல் அவர் மறைந்தபோது நம் பள்ளிகளில் எத்தனை மாணவர்க்கு அவர் பெயர் தெரிந்திருந்தது? பொன்னாடை போர்த்திக்கொள்ள வராதவர்களை நாம் அறிவதில்லை.

"அது ஆங்கிலேயர் நடத்திய குழு, நமக்குப் பொருந்துமா?" என்று கேட்பார் உளர். பொருந்தும் என்பதற்குச் சான்று வேற்றிடத்தில் இல்லை. நம் இலக்கிய வீட்டிலேயே இருக்கின்றது. புதன்கிழமைக் குழு தோன்றுவதற்குச் சற்று முன்னர், 1950–51இல், அதே கோலாலம்பூரில், 'தமிழ் நேசன்' இதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். எழுத விழைந்தோர்க்குச் சிறுகதையின் இலக்கணத்தைக் கற்பித்து, அவர்கள் எழுதி அனுப்பியவற்றை ஆராய்ந்து, நிறைகுறைகளை எடுத்துரைத்தார்கள். மலேசியத் தமிழ்ச் சிறுகதை தன் காலில் நிற்கத் தொடங்கியதில் அவ்வகுப்பிற்குப் பெரும்பங்குண்டு என்பதனை இலக்கிய வரலாறு எழுதுவோர் அனைவரும் ஒப்புவர். ஒன்று எழுத்துக்கு, மற்றொன்று ஓவியத்திற்கு. இரண்டின் உயிர்நிலையும் ஒன்றே: தன் படைப்பைப் பிறர் பார்வைக்கு வைக்கும் துணிவு, அதனைப் பற்றி மெய் கூறும் நேர்மை. 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோயிற்று. ஆனால், கதை வகுப்பின் பெருமையை மட்டும் மேடைதோறும் பேசுகின்றோம். அதன் முறையை எங்கே புதைத்தோம்?

நக்கீரர் பெயரை முழங்காத தமிழ் மேடை உண்டா? இறைவன் பாட்டிலும் குற்றம் கண்டவர் என்று மெய்சிலிர்க்கப் பேசுகின்றோம். பேசி முடித்துக் கீழே இறங்கியதும், நண்பர் வரைந்த ஓவியத்தின் முன் நின்று, கண்ணெதிரே தெரியும் பிழையைக் கண்டும் காணாமல், "அருமை, அருமை" என்கின்றோம். புலவர் அவையில் அரங்கேறிய பின்னரே நூல் உலவ வேண்டும் என்பது நம் முன்னோர் மரபு. இன்றோ அரங்கேற்றம் இருக்கின்றது, அவை இல்லை. இடித்துரைப்பாரின் துணையை வள்ளுவர் முடிசூடிய வேந்தனுக்கே வேண்டும் என்றார். தூரிகை பிடித்த ஆசிரியனுக்கு மட்டும் அது வேண்டாவோ?

இக்கருத்தை நான் கூறும்போதெல்லாம் நால்வகை மறுப்புகள் எழக் கேட்டிருக்கின்றேன். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, "ஓவியம் சோறு போடுமா?" என்பது. போடாது. கவிதை மட்டும் போடுகின்றதா? கவியரங்கம் நடத்துகின்றோமே! புதன்கிழமை கூடியவர்களும் ஓவியத்தை விற்று அரிசி வாங்கவில்லை. ஆசிரியர் ஊதியத்தில் வாழ்ந்துகொண்டே வரைந்தார்கள். சோறு போடுவதை மட்டுமே கற்பிப்போம் என்றால் பள்ளியில் தமிழுக்கே இடம் இராது. இவ்வாதத்தை நம்மவர் எடுப்பது நாம் அமர்ந்திருக்கும் கிளையை நாமே வெட்டுவதாகும்.

இரண்டாவது, "குறை கூறினால் மனம் புண்படும், சங்கம் உடையும்" என்பது. சங்கங்கள் எதனால் உடைந்தன என்பதை நான் முப்பதாண்டாகக் கண்டு வருகின்றேன். இருக்கை வரிசையால் உடைந்தன. அழைப்பிதழில் பெயர் இடம்பெறாமையால் உடைந்தன. யாருக்கு முதலில் மாலை என்பதால் உடைந்தன. ஓர் ஓவியத்தின் குறையை எடுத்துரைத்ததால் உடைந்த சங்கம் ஒன்றை இதுவரை நான் கண்டதில்லை. ஆசிரியப் பெருமக்களே, உங்களையே கேட்கின்றேன். நாள்தோறும் நாற்பது குழந்தைகளின் ஏடுகளில் சிவப்பு மையால் கோடு இழுக்கின்றோம். ஏழு வயதுக் குழந்தை அதனைத் தாங்கிக்கொண்டு மறுநாள் திருத்தி எழுதி வருகின்றது. அக்குழந்தை தாங்குவதை நாற்பது வயது ஆசிரியர் தாங்கமாட்டார் என்றால், நாணவேண்டியவர் யார்?

மூன்றாவது, "தமிழ்ப்பள்ளிக்குத் தமிழ்தான் உயிர், ஓவியம் பிறகு" என்பது. இதனைக் கூறுவோரின் மொழிப்பற்றை நான் மதிக்கின்றேன். ஆனால், அவர்கள் மொழியைக் குறுக்கிப் பார்க்கின்றார்கள். ஓர் ஓவியத்தைக் குழந்தையின் முன் வைத்து, "என்ன காண்கின்றாய்? எந்த இடத்தில் உன் கண் முதலில் நின்றது? ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். குழந்தை சொல்லைத் தேடும். கருஞ்சிவப்பா, செம்பழுப்பா? சாய்ந்த மரமா, வளைந்த மரமா? நெருக்கமா, செறிவா? கட்டுரை நூலில் மனப்பாடம் செய்த உவமைகள் தராத சொற்களை அந்தத் தேடல் தரும். ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்று அழைத்தது நம் மதுரைக்காஞ்சி. காண்போர் கண்ணுக்குள்ளே தொழில் செய்பவர் என்று பொருள் உரைப்பர். இத்தகைய சொல்லைப் படைத்த மொழியில் ஓவியத்தைப் பற்றிப் பேசச் சொல் இல்லை என்பது பேசாதவரின் சாக்கு. கோடு, வண்ணம், ஒளி, நிழல், இடைவெளி, சமன் ஆகிய ஆறு சொற்களைக் கொண்டே ஒரு மாலைப்பொழுது முழுவதும் பேசலாம்.

நான்காவது, இக்காலத்து மறுப்பு. "கணினியிடம் கூறினால் நொடிப்பொழுதில் ஓவியம் தீட்டித் தருகின்றதே, இனிக் கையால் வரைவானேன்?" என்கின்றனர். கணினி தருவது பல படங்களைக் கண்டு உருவாக்கிய படம். செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் மழைக்குப் பின் தேங்கிய நீரில் வானத்தைக் கண்டு நின்ற குழந்தை அக்கணினிக்குள் இல்லை. கண்டவன் வரைய வேண்டும். வரைந்ததைக் கண்ணுள்ளவர் பார்க்க வேண்டும். இன்னொன்றும் கூறுவர்: "புலனக் குழுவில் ஓவியங்களைப் பகிர்கின்றோமே, அது போதாதா?" போதாது. உள்ளங்கை அளவுத் திரையில் ஓவியத்தின் அளவும் தெரியாது, வண்ணத்தின் மெய்யும் தெரியாது. அங்கே வந்து விழும் கட்டைவிரல் படங்கள் மின்னியல் பொன்னாடைகளேயன்றி வேறல்ல.

மறுப்புகளுக்கு விடை கூறினேன். இனி, செய்து பார்த்ததைக் கூறுகின்றேன். எங்கள் வட்டாரத்தில் ஐவர் கூடினோம். மூவர் ஆசிரியர்; ஒருவர் இல்லத்தரசி, மார்கழி தவறாமல் வாசலை நிறைக்கும் கோலக் கைவண்ணம் உடையவர்; ஒருவர் கடைகளுக்கு விளம்பரப் பலகை எழுதியவர். அச்சுப் பலகைகள் வந்து அவர் தொழிலை விழுங்கிவிட்டன. கை மட்டும் அவரிடம் எஞ்சியிருக்கின்றது. மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடுவது என்றும், பெண்களும் வருவதற்கு ஏற்பப் பகற்பொழுதிலேயே கூடுவது என்றும் முடிவு செய்தோம்.

முதற்கூட்டம் பயனற்றுப் போயிற்று. ஒருவர் ஓவியத்தை மற்றவர் புகழ்ந்தோம், தேநீர் அருந்தினோம், கலைந்தோம். இரண்டாம் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் தாம் பிறந்த தோட்டத்து வீட்டை நீர்வண்ணத்தில் தீட்டிய ஓவியத்தை வைத்தார். வழக்கம்போல் "அருமை" என்றோம். விளம்பரப் பலகை எழுதிய பெரியவர் மட்டும் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "வாத்தியாரே, வீட்டு நிழல் இந்தப் பக்கம் விழுதுங்க, தென்னமரத்து நிழல் அந்தப் பக்கம் விழுது. உங்க தோட்டத்துல ரெண்டு சூரியனுங்களா?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம், ஓவியம் தீட்டியவர் சிரிக்கவில்லை. மூன்றாம் கூட்டத்திற்கு அவர் வரவில்லை. குழு முடிந்தது என்றே எண்ணினேன். நான்காம் கூட்டத்திற்கு அவர் வந்தார். அதே வீட்டை மீண்டும் தீட்டிக் கொண்டு வந்தார். ஒரே சூரியன். காலை வெயில் தகரக்கூரையில் சாய்ந்து விழ, வீடு சுவரை விட்டு முன்னே வந்து நின்றது. "பத்தாண்டாக வரைகின்றேன், வெயில் எங்கிருந்து வருகின்றது என்று இந்த மாதந்தான் பார்த்தேன்" என்றார். பதினான்கு பொன்னாடைகள் செய்யாததை ஒரு பெரியவரின் ஒரு கேள்வி செய்தது.

அன்றிலிருந்து சில நெறிகளை வகுத்துக்கொண்டோம். பிறர்க்குப் பயன்படக்கூடும் என்பதனால் கூறுகின்றேன். ஓவியத்தைக் கண்ணின் உயரத்தில், பகல் வெளிச்சத்தில் வைக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் எவரும் பேசலாகாது. அருகில் நின்றும், ஆறடி தள்ளி நின்றும், கண்களைப் பாதி மூடியும் பார்க்க வேண்டும். பாதி மூடிய கண்ணுக்கு வண்ணம் மங்கி ஒளியும் நிழலும் தெளியும். ஐயம் எழுந்தால் ஓவியத்தைத் தலைகீழாக வைத்தும் கண்ணாடியில் காட்டியும் பார்க்கலாம். பழகிய கண் மறைத்த சாய்வைத் திரும்பிய படம் காட்டிக்கொடுக்கும். முதலில் கண்டதைக் கூற வேண்டும். பிறகு நிறையைக் கூற வேண்டும். பிறகு குறையைக் கூற வேண்டும். ஓவியத்தைப் பற்றிப் பேசலாம். ஓவியரைப் பற்றிப் பேசலாகாது. ஓவியர் இறுதியில்தான் பேச வேண்டும். தொடக்கத்திலேயே விளக்கம் அளித்தால் நாம் ஓவியத்தைப் பாராமல் அவர் சொல்லைப் பார்க்கத் தொடங்கிவிடுவோம். எக்காரணம் கொண்டும் பிறர் ஓவியத்தில் நம் தூரிகை படலாகாது. கலையுமுன் ஒவ்வொருவரும் ஒரு கண்காட்சிச் செய்தியேனும் கூற வேண்டும். இரண்டு மாதத்திற்கு ஒருமுறை ஒரே வண்டியில் ஏறிச் சென்று ஒன்றைப் பார்த்துவர வேண்டும்.

எங்கே செல்வது என்று கேட்கின்றீர்களா? தேசியக் கலைக்கூடம் 1958இல் ஜாலான் அம்பாங்கில் திறக்கப்பட்டது. 1984இல் மெஜஸ்டிக் ஹோட்டல் கட்டடத்திற்குச் சென்றது. 1998இலிருந்து தித்திவங்சா வட்டாரத்தில் தனிக் கட்டடத்தில் இயங்குகின்றது. பள்ளிச் சுற்றுலா என்றால் பொழுதுபோக்குப் பூங்காவிற்குப் பேருந்து பிடிக்கின்றோம். திறந்திருக்கும் அவ்வாசலில் நம் பள்ளிப் பேருந்து எத்தனை முறை நின்றிருக்கின்றது? இளங்கலைஞர்க்காக 1974இல் அக்கூடம் தொடங்கிய 'பாக்காட் மூடா செசாமான்' போட்டியைப் பற்றி நம் இளைஞர் எத்தனை பேர்க்குச் செய்தி எட்டியிருக்கின்றது? செய்தி எட்டாமையும் ஒருவகை வறுமையே. அதனைப் போக்கப் பணம் வேண்டா; செய்தி கூறும் நண்பர் ஐவர் போதும்.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். 1920களில் பினாங்கில் ஐரோப்பியப் பெண்மணிகள் ஓர் ஓவியக் குழு அமைத்தனர். அவர்கள் ஓவியம் வளர்த்தது உண்மை; ஆயின், இந்நாட்டு மக்களுக்கு அங்கே இடம் அரிதாகவே கிடைத்தது. பள்ளி ஓவிய ஆசிரியரான அப்துல்லா அரிப் அவ்வாறு இடம்பெற்ற மிகச் சிலருள் ஒருவர். கதவைச் சாத்திக்கொண்ட குழு வரலாற்றில் ஒரு வரியாகச் சுருங்கியது. கதவைத் திறந்து வைத்த புதன்கிழமைக் குழு ஒரு தலைமுறையை உருவாக்கியது. ஆகவே, பட்டம் பெற்ற ஆசிரியர் மட்டுமே வரலாம் என்னும் வேலியை நாம் போடலாகாது. கோயிற் கோபுரத்திற்கு வண்ணம் தீட்டுபவர் வரட்டும். பலகை எழுதுபவர் வரட்டும். அடுத்த வீதியில் வரையும் மலாய் நண்பரும் சீன நண்பரும் வரட்டும். 1988இல் சிங்கப்பூரில் 'திரிமூர்த்தி' என்னும் பெயரில் கண்காட்சி நடத்திய மூவர் ச. சந்திரசேகரன், கோ ஈ சூ, சாலே ஜப்பார். பெயர்களே கதையைக் கூறுகின்றன. தம் மரபை விட்டுக்கொடுக்காமலே மூவரும் ஒரே கூடத்தில் நின்றனர்.

இனி, என் குற்றத்தைக் கூறுகின்றேன்.

ஓவியப் போட்டி நடத்தாத பள்ளி இல்லை. 'என் கிராமம்', 'இயற்கைக் காட்சி' என்று தலைப்புக் கொடுப்போம். வருகின்ற படங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கூறிவிடலாம்: இரண்டு மலைகள், நடுவே உதிக்கும் சூரியன், வளைந்தோடும் ஓர் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை, எழுத்துப்போல் பறக்கும் நான்கு பறவைகள். அடுக்குமாடியில் வாழும் குழந்தையும் இதனையே வரைகின்றது. செம்பனைக்கு நடுவே வாழும் குழந்தையும் இதனையே வரைகின்றது. அக்காட்சியை அவர்களுள் ஒருவரும் கண்டதில்லை. கண்டதை வரைந்தால் பரிசில்லை என்று நாம் கற்பித்துவிட்டோம்.

பல ஆண்டுகளுக்கு முன் அத்தகைய போட்டி ஒன்றில் நானும் ஒரு நடுவர். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அந்தி வேளையில் செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லாரியை வரைந்திருந்தான். தாள் முழுதும் கருமை. சேற்றில் சக்கரம் புதைந்திருந்தது. லாரியின் இரு விளக்குகள் மட்டும் மஞ்சள். அவ்வொளியில் ஒதுங்கி நிற்கும் ஒரு பெண்ணின் கால்கள். என் உடன் நடுவர்கள், "வண்ணம் போதவில்லை, தூய்மை இல்லை, தலைப்புக்கு ஒத்து வரவில்லை" என்றார்கள். அந்தப் படத்திலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனாலும், நான் வாய் திறக்கவில்லை. மதிப்பெண் தாளில் கையெழுத்திட்டேன். மறு ஆண்டு அந்த மாணவன் இரண்டு மலைகளை வரைந்தான். மூன்றாம் பரிசு பெற்றான்.

அப்பரிசை அவன் கையில் கொடுத்தவன் நான்தான்.

கண்டதைக் கூறும் பழக்கம் எனக்கு இல்லாமற் போயிற்று. ஒரு குழுவில் அமர்ந்து, என் படத்தைப் பிறர் பார்க்கவும், பிறர் படத்தை நான் பார்க்கவும் பயின்றிருந்தால், அன்று என் நாக்கு எழுந்திருக்கும். பார்க்கத் தெரியாத ஆசிரியரிடம் சிக்கிய குழந்தை பார்ப்பதை நிறுத்திவிடுகின்றது. தேர்வைக் காரணம் காட்டி ஓவிய பாடவேளையைக் கணக்குப் பாடத்திற்குத் தாரை வார்த்ததும் நாமே. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. தாரை வார்க்கும் பழக்கம் மட்டும் பல இடங்களில் நீங்கவில்லை. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இந்நாட்டில் உள்ளன. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஐந்தாறு ஆசிரியர் கூடி, மாதத்தில் ஒருநாள் ஒருவர் ஓவியத்தை ஒருவர் பார்த்தால், அவர்கள் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் குழந்தைகளின் லாரிகளும் சேறும் விளக்கும் பிழைக்கும்.

ஆசிரியர் பயிற்சி பெறும் மாணவர்களுக்கு ஒரு சொல். பட்டமும் பணியாணையும் வரும்வரை காத்திராதீர்கள். விடுதி அறையிலேயே நால்வர் கூடலாம். உங்கள் முதல் ஓவியத்தைச் சுவரில் சாய்த்து வையுங்கள். "நன்றாக இருக்கிறது" என்னும் சொல்லை அன்று ஒருநாள் மட்டும் விலக்கி வையுங்கள். அந்தச் சொல் இல்லாதபோது என்ன பேசுவது என்று திகைப்பீர்கள். அந்தத் திகைப்பிலிருந்துதான் பார்வை தொடங்குகின்றது.

சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விழாவை நிறுத்துங்கள் என்று நான் கூறவில்லை. பொன்னாடைகளுள் பாதியைக் குறையுங்கள். அப்பணத்தில் தாளும் வண்ணமும் வாங்கி ஒரு சிறு குழுவுக்குக் கொடுங்கள். வாழ்த்துரை ஆறில் நான்கை நீக்கி, அந்நேரத்தில் வந்தவர்களை ஓவியங்களின் முன்னே நிறுத்துங்கள். கண்காட்சிக்கு ஓராண்டு முன்பே ஓவியர் வரையும் இடத்திற்கு ஐவரை அனுப்புங்கள். திருத்தக் கூடிய காலத்தில் கூறப்படும் குறையே உதவி. சுவரில் மாட்டிய பின் கூறப்படும் குறை வெறும் பேச்சு.

இதனை எழுதத் தொடங்குமுன் அந்த இளைஞரின் வீட்டிற்குச் சென்றேன். சமையலறையை ஒட்டிய சிற்றறையில்தான் அவர் வரைகின்றார். மூன்றாம் ஓவியத்தைக் கீழே இறக்கி, சன்னலோரம் வைக்கச் சொன்னேன். நெடுநேரம் பார்த்தோம். "தம்பி, வானத்தில் குறையில்லை. வானத்தின் நீலம் கீழே உள்ள ஆற்றில் ஓரிடத்திலும் இல்லை. அதனால் வானம் தனியே ஒட்டவைத்ததுபோல் நிற்கின்றது" என்றேன். திறப்பு விழா அன்றே என் கண்ணுக்கு அது தெரிந்தது; பொன்னாடை தோளில் இருந்ததனால் கூறாமல் வந்துவிட்டேன்.

அவர் மறுமொழி கூறவில்லை. தூரிகையை எடுத்து நீரில் நனைத்தார். அன்று புதன்கிழமை அன்று; ஞாயிற்றுக்கிழமை. கிழமை எதுவாயினும் ஆகுக, கூடுவோம்.